கறுப்பு மேலே, பொன்னிறம் கீழே: வீட்டில் அடுக்கு பீர் கலப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரே கிளாஸ். அடியில் பொன்னிற பீர், அதன்மேல் கரிய ஸ்டவுட், உச்சியில் வெண்ணுரை. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை. ஹோட்டல் மதுக்கூடங்களில் இதைக் கண்டவர்கள் ஏதோ தனி வித்தை என்று நினைப்பதுண்டு. உண்மையில் இதற்குத் தேவை ஒரு கரண்டியும் கொஞ்சம் பொறுமையும்தான். ஜெலாப்பாங், புந்தோங், சிலிபின், சிம்மோர் வட்டாரங்களில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால், முறுக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ஒருபுறம், ஐஸ் பெட்டியில் பீர் டின்கள் மறுபுறம் என்ற வீடுகள் பல. அந்த டின்களைக் கொண்டே இதைச் செய்யலாம். ஆனால் செய்வதற்கு முன் எந்த பீர் மிதக்கும், எது மூழ்கும், குடித்தவர் வீடு திரும்புவது எப்படி என்பதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு விளக்கம். இங்கே பேசப்படுவது கடையில் வாங்கிய பீரைக் கலப்பது மட்டுமே. மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். வீட்டுத் தேவைக்குத்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பெயரும் அதன் வம்பும்

வெளிர்நிற ஏல் பீரின்மேல் ஸ்டவுட்டை மிதக்கவிடும் இந்தக் கலவைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பிளாக் அண்ட் டேன்'. கறுப்பும் பழுப்பும் என்று பொருள். பெயர் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் 1920இல் அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தை ஒடுக்க பிரிட்டன் அனுப்பிய துணைப் போலீஸ் படைக்கும், அவர்கள் அணிந்த கலப்பு நிறச் சீருடையால், இதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர்களுக்குத் தீ வைத்த அந்தப் படையை ஐரிஷ் மக்கள் இன்றும் மறக்கவில்லை. அதனால் டப்ளின் மதுக்கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது மரியாதை அல்ல. அங்கே 'ஹாஃப் அண்ட் ஹாஃப்', அதாவது பாதிக்குப் பாதி என்பார்கள். இந்தப் பெயரில் ஐஸ்கிரீம் விற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று 2006இல் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. காலனி ஆட்சியில் தோட்டத்துக் காவலரின் தடியைக் கண்ட சமூகத்துக்கு இந்த மனவருத்தத்தை விளக்கத் தேவையில்லை. 'பாதிக்குப் பாதி' என்பதே நமக்கும் பொருத்தமான பெயர்.

நம் நாட்டில் இதற்கான இரண்டு பொருளும் நெடுங்காலமாகவே உள்ளன. டைகர் பீர் 1932இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. கின்னஸ் ஸ்டவுட் முன்பெல்லாம் கப்பலில் வந்து, 1960களின் நடுப்பகுதியிலிருந்து சுங்கைவேயிலேயே காய்ச்சப்படுகிறது. கார்ல்ஸ்பெர்க் 1972இல் ஷா ஆலாமில் தொடங்கியது. 1989இல் கின்னஸ் ஆங்கர் என்று இணைந்த நிறுவனம் 2016 முதல் ஹைனிகன் மலேசியா என்று அழைக்கப்படுகிறது. பழைய புட்டிகளின் லேபிளில் இருந்த நாய்த்தலையை வைத்துச் சீனர்கள் இந்த ஸ்டவுட்டைக் 'கறுப்பு நாய்' என்பார்கள்.

கறுப்பு என்றால் கனமா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரிய நிறமாக இருப்பதால் ஸ்டவுட் கனமானது, அடியில் போய்விடும் என்று நினைக்கிறார்கள். நிறத்துக்கும் எடைக்கும் தொடர்பே இல்லை. கறுப்பு நிறம் வருவது நன்கு கருக வறுத்த பார்லியிலிருந்து. ஈப்போ கோப்பிக்கடையில் பால் சேர்க்காத கோப்பியும்தான் கறுப்பு. அது பாகுபோல் கனமாகவா இருக்கிறது?

ஒரு பீரின் கனத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. நொதித்த பிறகும் மிஞ்சியிருக்கும் சர்க்கரை அதைக் கனமாக்கும். ஆல்கஹால் அதை இலேசாக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்துக்கொண்டால், சாதாரண லாகர் பீர் 1.010ஐ ஒட்டி நிற்கும். நைட்ரஜன் நிரப்பிய டிராஃப்ட் வகை கின்னஸ் ஆல்கஹாலும் குறைவு, மிச்சச் சர்க்கரையும் குறைவு என்பதால் பெரும்பாலான ஏல் பீரைவிடச் சற்று இலேசானது. இதனால்தான் அது மிதக்கிறது. ஆனால் வேறுபாடு மூன்றாவது தசமத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவசரமாக ஊற்றினால் அந்தச் சிறு வேறுபாடு ஒன்றுக்கும் உதவாது, இரண்டும் கலந்து வெறும் பழுப்பு நீராகிவிடும்.

மலேசியாவில் இன்னொரு சிக்கல். இங்கே மளிகைக்கடையிலும் கோப்பிக்கடையிலும் அதிகம் கிடைக்கும் புட்டி ஸ்டவுட், டிராஃப்ட் வகை அல்ல. அது 'ஃபாரின் எக்ஸ்ட்ரா' எனப்படும் கனத்த வகை. தொலைதூரக் கப்பல் பயணத்தைத் தாங்குவதற்காக அதிக மால்ட், அதிக ஹாப்ஸ் சேர்த்து உருவான சரக்கு அது. அதில் கரைந்திருப்பது நைட்ரஜன் அல்ல, கார்பன் டை ஆக்சைடு. அதை லாகரின்மேல் ஊற்றினால் பெரும்பாலும் கீழே இறங்கி, கறுப்புப் புகைபோல் சுருண்டு கலந்துவிடும். இணையக் காணொளியில் பார்த்தபடி செய்தும் வரவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்களின் தவறு கையில் இல்லை, புட்டியில் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, டிராஃப்ட் வகை டின் வாங்குவது. டின்னைக் குலுக்கினால் உள்ளே சின்னப் பந்து ஒன்று உருளும் ஓசை கேட்கும். மைக்கேல் ஆஷ் என்ற கணிதம் படித்த கின்னஸ் ஊழியர் 1959இல் நைட்ரஜன் முறையை உருவாக்கினார். அந்த நுரையை டின்னுக்குள் கொண்டுவரும் சாதனம் 1980களின் இறுதியில்தான் சந்தைக்கு வந்தது. டின்னைத் திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, பந்திலிருந்து வாயு பீறிட்டு, பாலேடுபோல் நுரை எழும்பும். நைட்ரஜன் குமிழிகள் மிகச் சிறியவை. அவை மெதுவாக எழுவதால் அடுக்கு கலையாது. இன்னொன்று, வரிசையைத் தலைகீழாக்குவது. கனத்த புட்டி ஸ்டவுட்டை அடியில் ஊற்றி, அதன்மேல் லாகரை மிதக்கவிடலாம். கீழே கறுப்பு, மேலே பொன்னிறம். பார்க்க அதுவும் அழகுதான். எது மேலே நிற்கும் என்று சந்தேகமானால், முதலில் ஒரு சின்ன கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றிச் சோதித்துவிட்டால் முழு டின்னும் வீணாகாது.

ஊற்றும் முறை

நேர்ச்சுவர் உள்ள உயரமான கிளாஸ் வேண்டும். அதை நன்றாகக் கழுவி, சோப்பு நீர் துளியும் இல்லாமல் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நுரைக்கு எதிரி. முறுக்கு தின்ற கையால் கிளாஸின் உள்விளிம்பைத் தொட்டால் நுரை நிற்காது. இரண்டு பீரும் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். அடியில் போவது மேலே வருவதைவிடச் சற்று அதிகக் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த நீர்மம் கொஞ்சம் கனமானது.

லாகரைப் பாதி கிளாஸ்வரை ஊற்ற வேண்டும். சாய்த்து மெதுவாக அல்ல, சற்று வேகமாகவே, இரண்டு விரல் உயரம் நுரை எழும்படி. இந்த நுரைதான் மெத்தை. மேலிருந்து விழும் ஸ்டவுட்டின் வேகத்தை அது தாங்கிக்கொள்ளும். அரை நிமிடம் விட வேண்டும். பிறகு ஒரு பெரிய கரண்டியைக் கவிழ்த்து, முதுகு மேலே இருக்கும்படி, நுரைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். ஸ்டவுட்டை அந்த முதுகின்மேல் நூல்போல் ஊற்ற வேண்டும். கரண்டி அதைப் பரப்பி, கிளாஸின் சுவரோரமாக இறங்கவிடும். கிளாஸ் நிறைய நிறையக் கரண்டியையும் உயர்த்திக்கொண்டே வர வேண்டும். கைப்பிடியை வளைத்து விளிம்பில் மாட்டும் தனிக் கரண்டிகள் விற்பனைக்கு உண்டு. வீட்டிலிருக்கும் பழைய எவர்சில்வர் கரண்டியை வளைத்தால் போதும். குழம்புக் கரண்டி மட்டும் வேண்டாம், அதன் குழி ஆழமானது.

கலக்கக் கூடாது. ஐஸ் போடவும் கூடாது. நம் ஊரில் பீரில் ஐஸ்கட்டி போட்டுக் குடிக்கும் வழக்கம் பரவலானது. வெயிலுக்கு அது சரிதான், அடுக்குக்குச் சரிவராது. கட்டி உருண்டு எல்லைக்கோட்டைக் கலைக்கும், உருகும் நீர் சுவையைக் கெடுக்கும். ஒழுங்காக ஊற்றிய அடுக்கு பல நிமிடங்கள் தாங்கும்.

சுவை? கிளாஸைச் சாய்க்கும்போது முதலில் உதட்டுக்கு வருவது நுரையும் ஸ்டவுட்டின் வறுத்த கசப்பும். பாதி குடித்த பிறகு லாகரின் இலேசான இனிப்பும் குமிழியும் வந்து சேரும். வெறும் ஸ்டவுட் கசக்கிறது என்பவர்களுக்கு இது இதமாக இருக்கும். கூட வைப்பதற்கு அதிகம் அலையவேண்டாம். புந்தோங்கின் கம்போங் காச்சாங் பூத்தே அருகிலேயே இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகக் கடலையும் பருப்பும் பகோடாவும் வறுத்து நாடெங்கும் அனுப்பும் இடம் அது. காரக் கடலைக்கும் இந்த அடுக்கு பீருக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

சிலர் அடியில் ரோஸ் சிரப்போ ரிபேனாவோ ஊற்றி, மேலே லாகரை விடுவார்கள். இது மிக எளிது. 60 விழுக்காடு சர்க்கரை உள்ள பாகின் அடர்த்தி ஏறக்குறைய 1.29. பீர் அதன்மேல் தானாகவே மிதக்கும், கரண்டிகூட வேண்டாம். ஆனால் இனிப்பு, ஆல்கஹாலின் சுவையை மறைத்துவிடும். சர்பத் குடிப்பதுபோல் வேகமாக இறங்கும். நீரிழிவு நம் சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்ததே. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் மது உள்ளே போனால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். மயக்கம் வந்தாலும் 'போதை' என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடும் ஆபத்து உண்டு.

கள்ளில் ஸ்டவுட் கலந்து குடிப்பதும் இங்கே பழைய பழக்கம். அது அடுக்காக நிற்காது. கள் நொதித்துக்கொண்டே இருப்பதால் உள்ளிருந்து எழும் வாயு எல்லாவற்றையும் கிளறிவிடும்.

ஒரு கிளாஸில் எவ்வளவு?

அடுக்கு பீர் என்றால் 'பாதி பீர்தானே' என்ற எண்ணம் தவறு. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 320 மில்லி டின் ஒன்றில் சுமார் 12.6 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதில் பாதிக்குப் பதிலாக 6 விழுக்காடு ஸ்டவுட் சேர்ந்தால் 13.9 கிராம். அதாவது ஒரு டின்னைவிடச் சற்று அதிகம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம். ஒரு கிளாஸ் முழுதும் உடலைவிட்டு நீங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கோப்பியோ குளியலோ இதை விரைவுபடுத்தாது.

2020இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் எல்லை. முன்பு 80 ஆக இருந்தது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். ஜெலாப்பாங்கின் பழைய சுங்கச்சாவடிக்கு இறங்கும் மெனோரா சரிவில் எத்தனை கனரக வாகன விபத்துகள் நடந்தன என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். நிதானமாக இருப்பவருக்கே சோதனையான பாதை அது. மோட்டார் சைக்கிளில் வரும் விருந்தாளிக்கு இரண்டாவது கிளாஸ் கொடுக்கும் வீட்டுக்காரர், அவர் இரவு தங்கப் பாயும் விரித்துக் கொடுக்க வேண்டும்.

21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்பது 2017 டிசம்பர் முதல் தடை. முன்பு 18ஆக இருந்தது. வண்ணமயமான கிளாஸ் என்பதால் 'ஒரு வாய் பார்க்கட்டும்' என்று பிள்ளைகளுக்கு நீட்டுவதும் சில வீடுகளில் நடக்கிறது. வேண்டாத வேலை.

மலிவு சரக்கு

ஜெலாப்பாங்கைச் சுற்றியுள்ள குடும்பங்கள் பலவற்றின் வேர் பேராக் ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. அங்கே கள்ளுக்கடை சம்பளத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட இடம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து அடிபட்டார்கள். கள்ளுக்குப் பின்னால் சம்சு வந்தது. சின்னப் புட்டி, குறைந்த விலை, கடும் போதை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு காலம் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தது.

பீரின் விலை ஏற ஏற, விருந்துக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளுக்கு முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு கண்ணில் படும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தார்கள். பீர் என்ற பெயரில் விற்கப்பட்ட சரக்கும் அதில் இருந்தது. மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் உடனே தெரிவதில்லை, 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். மறுநாள் கண் மங்குவது, பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் இருப்பது, வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது என்றால் 'ஹேங் ஓவர்' என்று படுக்கவைக்காமல் 999ஐ அழைக்க வேண்டும், அல்லது நேரே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. நேரம் கடந்தால் கண் போகும், உயிரும் போகும். குடித்த புட்டியையும் கையோடு கொண்டுபோவது மருத்துவருக்கு உதவும். வாங்கும்போது புட்டியில் வரி முத்திரை இருக்கிறதா, மூடி உடையாமல் இருக்கிறதா, சுகாதார எச்சரிக்கை வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இல்லாத சரக்கை எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது.

பிரசவித்த பெண்ணுக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை இந்திய, சீனக் குடும்பங்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. ஸ்டவுட்டில் இரும்புச்சத்து மிகச் சொற்பம். அதை ஈடுகட்ட முருங்கைக்கீரையும் ஈரலும் போதும். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் ஆல்கஹால் போகும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

குடிக்காதவர்களுக்கும் அடுக்கு உண்டு

திறந்த இல்லத்துக்கு முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள், குடிக்காத உறவினர்களும் வருவார்கள். பீர் கிளாஸ்களையும் கரண்டியையும் தனியாக வைப்பதும், மதுவை வரவேற்பறையில் அல்லாமல் பின்புறத்தில் வைப்பதும் இங்கே பல வீடுகளில் சொல்லாமலே நடக்கும் மரியாதை. அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கண்ணுக்கு விருந்தாகக் கொடுக்கச் சரவாக் கூச்சிங்கின் மூன்றடுக்குத் தேநீர் இருக்கிறது. அங்கே நிப்பாப் பனையின் சர்க்கரையான குலா ஆப்போங் பயன்படுகிறது. இங்கே குலா மெலாக்காவைப் பாகு காய்ச்சி ஆறவைத்தால் சரியாக வரும். உயரமான கிளாஸில் இரண்டு விரல் பாகு, அதன்மேல் கிளாஸ் நிறைய ஐஸ், பிறகு ஐஸின்மேல் படும்படி ஆவியாக்கிய பால், கடைசியாகச் சாயம் தூக்கலான தேநீர். பீருக்கு ஆகாத ஐஸ் இங்கே கரண்டியின் வேலையைச் செய்கிறது. பாகு எல்லாவற்றையும்விடக் கனம், பால் தேநீரைவிடக் கனம், அதனால் பழுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கும். கொண்டுபோய் வைத்து, எல்லாரும் படம் பிடித்த பிறகு, பீரைப்போல் அல்லாமல் இதை அடிவரை நன்றாகக் கலக்கிக் குடிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாய் வெறும் கசப்பாகவும் கடைசி வாய் வெறும் பாகாகவும் போய்விடும்.